ஊரற்ற உறுப்பினரும் உறுப்பினரற்ற ஊரும்: பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டநிரூபண சபையும் மலைநாட்டுத் தமிழரும்

இலங்கைத் தமிழரின் அரசியல் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரு பெயர் வரிசையிலிருந்தே தொடங்குவர். 1833ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட சட்டநிரூபண சபையில் தமிழர் சார்பில் முதலில் அமர்ந்தவர் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார். அவருக்குப் பின் சைமன் காசிச்செட்டி, எதிர்மன்னசிங்க முதலியார், சேர் முத்துக்குமாரசுவாமி, சேர் பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் குமாரசுவாமி, வைத்தியர் றொக்வூட் என அவ்வரிசை நூற்றாண்டின் இறுதிவரை நீள்கின்றது. பாடநூல்களும் நினைவு மலர்களும் இவர்களைத் தமிழ்ப் பிரதிநிதிகள் என்றே குறிக்கும். பெயர்களில் பிழையில்லை, ஆண்டுகளிலும் பெரும் பிழை இராது. ஆராயப்படாது நிற்பது 'பிரதிநிதி' என்னும் சொல்லே. பிரதிநிதி எனப்படுபவர் யாருக்கேனும் பிரதியாக நிற்பவர். இவர்கள் யாருக்குப் பிரதியாக நின்றனர், எந்த ஊருக்காக நின்றனர் என்ற வினாவை யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ எழுப்பினால் ஒருவாறு விடை சொல்லி முடித்துவிடலாம். அதே வினாவை அட்டனிலும் தலவாக்கலையிலும் நின்று எழுப்பும்போது விடை அத்துணை எளிதாக வருவதில்லை.

சபையின் அமைப்பை முதலில் நோக்கவேண்டும். கோல்புறூக் ஆணைக்குழுவினரின் விதப்புரைகளை அடியொற்றி எழுந்த இச்சபையில் உத்தியோக உறுப்பினர் ஒன்பதின்மரும் உத்தியோகப் பற்றற்ற உறுப்பினர் அறுவரும் இருந்தனர். அறுவரில் மூவர் ஐரோப்பியர். ஏனைய மூவரில் சிங்களவர் ஒருவர், பறங்கியர் ஒருவர், தமிழர் ஒருவர். அறுவரையும் நியமிப்பவர் தேசாதிபதி. வாக்காளர் இல்லை, தேர்தல் இல்லை, தொகுதியும் இல்லை. இங்கிலாந்தில் தேர்தல் தொகுதிகளைச் சீர்திருத்திய புகழ்பெற்ற சட்டம் நிறைவேறி ஓராண்டே கழிந்திருந்த காலம் அது. அச்சட்டம் ஒழித்த பழைய தொகுதிகளுள் ஓல்ட் சேரம் என்பதும் ஒன்று. குடியிருப்போர் எவருமற்ற வெறும் மேடாகிய அவ்விடம் அதுவரை பாராளுமன்றத்துக்கு இருவரை அனுப்பிவந்தது. மக்களற்ற ஊருக்கு உறுப்பினர் இருப்பது நகைப்புக்குரியதெனக் கண்ட அதே ஆட்சியாளர், கடல்கடந்த நாட்டில் ஊரே இல்லாத உறுப்பினரை உருவாக்கியது முரணாகத் தோன்றும். அவர்களுக்கு அது முரணாகத் தோன்றவில்லை. தம் நாட்டில் இடத்தையும் சொத்தையும் கொண்டு மனிதரை எண்ணியவர்கள், இங்கே இனத்தைக் கொண்டு எண்ணினர். தமிழ் உறுப்பினரின் தொகுதி 'தமிழர்' என்னும் சொல்லே. அச்சொல்லின் எல்லை எதுவென எவரும் வரைந்து வைக்கவில்லை.

எல்லை வரையப்படாத தொகுதி எளிதில் குடும்பச் சொத்தாகிவிடும். முதல் உறுப்பினராகிய குமாரசுவாமி முதலியார் 1836இல் காலமாகும் வரை பதவி வகித்தார். அவருடைய மகன் முத்துக்குமாரசுவாமி 1861 முதல் 1879இல் இறக்கும் வரை உறுப்பினராயிருந்தார். அவரைத் தொடர்ந்து முதலியாரின் மகள் வயிற்றுப் பேரர்களாகிய இராமநாதன் 1892 வரையும், அவர் தமையனார் பொன்னம்பலம் குமாரசுவாமி 1893 முதல் 1898 வரையும் அவ்வாசனத்தில் அமர்ந்தனர். அறுபத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரே வீட்டினரிடம் அப்பதவி இருந்தது. தந்தை, மகன், மருகர் என்று காணி உறுதி எழுதினாற்போல அது கைமாறியிருக்கின்றது. இதைச் சொல்வது அவர்களின் ஆற்றலைக் குறைப்பதாகாது. அவர்களுள் மந்தமானவர் எவருமில்லை. சபையில் ஆங்கிலேயரை அவர்தம் மொழியிலேயே எதிர்த்து நிற்கக்கூடியவர்களாக இருந்தனர். ஆயின் அவர்களின் சொல்லுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை பெற்ற ஊர் ஒன்றேனும் இத்தீவில் இருக்கவில்லை.

அச்சபையில் ஊர் உடையவராக விளங்கியவர் ஒருவர் உண்டு. அவர் ஐரோப்பியத் தோட்டத்துரைமாரின் உறுப்பினர். 1854இல் கண்டியில் தோட்டத்துரைமார் சங்கம் அமைக்கப்பட்டது. வர்த்தகர் உறுப்பினரை நியமிக்கையில் வர்த்தக சபையின் கருத்தையும், தோட்ட உறுப்பினரை நியமிக்கையில் இச்சங்கத்தின் கருத்தையும் தேசாதிபதி கேட்டு நடப்பது நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்காயிற்று. சட்டத்தில் அது நியமனம்; நடைமுறையில் தேர்தலை ஒத்தது. அச்சங்கத்துக்குப் பகுதிச் சங்கங்கள் இருந்தன. திம்புள, டிக்கோயா, மஸ்கெலியா என ஒவ்வொரு பயிர்ச்செய்கைப் பகுதியிலும் துரைமார் கூடினர். வீதி, பாலம், புகையிரதம், வைத்தியச் செலவு, ஆள்வரத்து ஆகியன பற்றித் தீர்மானம் நிறைவேற்றினர். அவை கண்டிக்குச் சென்றன. கண்டியிலிருந்து கொழும்பிலுள்ள ஆசனத்தை அடைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் தேர்தல் தொகுதிக்கு ஒப்பான எதையேனும் தேடுவோர் யாழ்ப்பாணத்திலோ காலியிலோ தேடிப் பயனில்லை. அது திம்புளைப் பள்ளத்தாக்கில் இருந்தது. அங்கு வாழ்ந்தோரில் நூற்றுக்கு ஒருவர்கூட ஆகாத துரைமாரே அதன் வாக்காளர். ஓல்ட் சேரம் மலையேறி வந்துவிட்டது எனலாம். வேறுபாடு யாதெனில் அங்கே மேடு வெறுமையாயிருந்தது, இங்கே மேடெங்கும் மனிதர் நிறைந்திருந்தனர்.

தோட்ட உறுப்பினரின் வலிமை எத்தகையது என்பதை 1864ஆம் ஆண்டு காட்டிற்று. படைச்செலவைக் குடியேற்றநாடே தாங்கவேண்டுமென அரசு வற்புறுத்தியபோது, உத்தியோகப் பற்றற்ற உறுப்பினர் அறுவரும் பதவி துறந்தனர். அவர்களுள் முதன்மையானவர் ஜோர்ஜ் வோல். தோட்டத்துரைமார் சங்கத்திலும் தலைமை வகித்தவர். மறு ஆண்டு இலங்கைக் கழகம் தோன்றியது. நாட்டின் வருமானத்தை நாட்டினரின் பிரதிநிதிகளே கட்டுப்படுத்தவேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. இலங்கையின் அரசியல் விழிப்புக்கு முதற்படி என இந்நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர் சிலர் போற்றுவர். போற்றுதற்கு முன் அவ்வருமானம் எங்கிருந்து வந்தது என்பதையும் நோக்குதல் தகும். அரசின் வருவாயில் இறக்குமதி அரிசி மீதான தீர்வையும் ஒரு பங்கு. இந்தியாவிலிருந்து வந்த அவ்வரிசியை நாள்தோறும் உண்டோருள் பெருந்தொகையினர் தோட்ட லயங்களில் வாழ்ந்தோர். அவர்கள் ஒவ்வொரு கவளத்துடனும் அரசுக்கு வரி செலுத்தினர். வரி செலுத்துவோனுக்குப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று துரைமார் வாதாடியபோது, அவ்வாதம் லயத்து வாசலைத் தாண்டி உள்ளே செல்லவேண்டும் என்று அவர்களுள் எவரும் எண்ணவில்லை. வருமானம் செல்லவேண்டிய வழி மட்டும் தெளிவாயிருந்தது: புகையிரதப்பாதை 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது.

தமிழ் உறுப்பினரிடம் திரும்புவோம். அவர்களை அரசியல்வாதிகளாக மட்டும் கொண்டு மதிப்பிடுவது குறையுடைய பார்வை. அவர்களுட் சிலர் எழுத்தாளர். அவர்களின் எழுத்தே அவர்கள் எந்தத் தமிழருக்குப் பிரதியாக நின்றனர் என்பதை அவர்களின் சபைப் பேச்சைவிடத் தெளிவாக உணர்த்துகின்றது. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கை ஊர்களை அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்துத் 'தமிழ் புளூராக்' என்னும் நூலை அளித்தார். தமிழில் புலவர் வரலாறு எழுதும் முயற்சிக்கு முன்னோடியாக அமைந்த நூல் அது. அந்நூலில் கடல் ஓர் எல்லையன்று. பாண்டிநாட்டுப் புலவரும் தொண்டைநாட்டுப் புலவரும் யாழ்ப்பாணத்துப் புலவரும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளனர். தமிழில் பாடினார் என்பதே தகுதி. காசிச்செட்டி 1838 முதல் 1845 வரை சபையில் இருந்தார். அவர் இருந்த காலத்தில், 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. எசமானுக்கும் வேலையாளுக்கும் இடையிலான ஒப்பந்தத்தை ஒழுங்குபடுத்துவது அதன் நோக்கம். வேலையாள் வேலையை விட்டு நீங்கினால் அது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. பாண்டிநாட்டிலிருந்து வந்த பாட்டு நம்முடையது, பாண்டிநாட்டிலிருந்து வந்த ஆள் நம்மவன் அல்லன் என்று எவரும் அன்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவை எழவில்லை என்பதே உண்மை. புலவர் வரலாற்றின் தமிழுலகமும் கட்டளைச் சட்டத்தின் தமிழுலகமும் ஒன்றையொன்று அறியாமலே ஒருவர் காலத்தில் ஒருங்கே நிலவின.

முத்துக்குமாரசுவாமியின் செய்தி இன்னும் ஆழமானது. இலக்கிய மாணவர் நின்று நோக்கவேண்டிய இடம் அது. இந்து சமயத்தவராய் இருந்துகொண்டே இங்கிலாந்தில் வழக்கறிஞராக ஏற்கப்பெற்ற அவர், 1863இல் அரிச்சந்திரன் கதையை நாடகமாக ஆங்கிலத்தில் பெயர்த்து இலண்டனில் வெளியிட்டார். தமிழரின் அறவுணர்வை ஆங்கில உயர்குடியினர்க்கு அறிவிக்கும் நோக்கு அதில் புலப்படுகின்றது. கீழைத்தேயத்தார் பொய்யர் என்ற எண்ணம் ஆங்கிலேய உத்தியோகத்தரிடையே மலிந்திருந்த காலத்தில், உண்மைக்காகத் தன்னையே விற்ற ஒருவனை முன்னிறுத்தியது கூரிய தேர்வு. அதில் ஐயமில்லை. ஆயின் அரிச்சந்திரன் கதை உண்மையைப் பற்றியது மட்டுமன்று. அது கடனைப் பற்றிய கதை. கொடுத்த வாக்கால் கடனாளியாகிய ஒருவன் நாட்டை விட்டு நடக்கிறான். மனைவியையும் மகனையும் விற்கிறான். இறுதியில் தன்னையும் விற்றுச் சுடலை காக்கிறான். பாம்பு தீண்டி இறந்த மகனைச் சுமந்து மனைவி வரும்போது, எசமானுக்குரிய கட்டணத்தை அவளிடமே கேட்கிறான். கடன்பட்டு, ஊர்விட்டு, குடும்பத்துடன் நடந்து, பிறர் நிலத்தில் பிறருக்குக் கட்டுண்டு, வழியில் பிள்ளையைப் புதைத்தவர்கள் அந்நாளில் கதையில் மட்டும் இருக்கவில்லை. மன்னாரிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் காட்டுப்பாதை அவர்களை அறியும். மொழிபெயர்ப்பு வெளியாகி இரண்டாண்டுகளில் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. முந்திய சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் அதில் நிலைத்தன. வேலையை விட்டு ஓடியவர் சிறை செல்ல நேர்ந்தது.

முத்துக்குமாரசுவாமி இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாரா என வினாவுவதில் பொருளில்லை. நூலாசிரியனின் உள்ளத்தை ஆராய்வது திறனாய்வின் வேலையன்று. நூல் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டுவதே அதன் வேலை. அந்நூலில் அரிச்சந்திரன் துன்புறும் அரசனாகவே நிற்கிறான். அவனுடைய துன்பம் பெருமை பெறுவது அவன் அரசனாயிருந்த காரணத்தால். சோதனை முடிந்ததும் அவனுக்கு நாடு மீளும். பிறப்பிலேயே சுடலை காக்க விதிக்கப்பட்டவனுக்கு அக்கதையில் சோதனையும் இல்லை, மீட்சியும் இல்லை. மலைக்கு வந்தோரில் பெரும்பகுதியினர் சாதிப்படிநிலையில் ஒடுக்கப்பட்ட குலங்களைச் சேர்ந்தவர். அவர்களைத் தன் கதையின் நாயகரெனக் காணும் கண் அக்காலத்து உயர்குடித் தமிழ் வாசகனுக்கு இருக்கவில்லை. பிற்காலத்தில் அவர் 'தாதாவம்சம்', 'சுத்தநிபாதம்' ஆகிய பாளி நூல்களையும் 1874இல் ஆங்கிலத்தில் தந்தார். சைவர் ஒருவர் பௌத்த நூல்களைப் பெயர்த்தது பரந்த உள்ளத்தின் அடையாளமே. அப்பரப்பு தம்முடைய மொழியையே பேசும் மலைநாட்டு மக்கள் வரை சென்றதற்கு அவர் எழுத்தில் தடம் காண்பது அரிது.

கொழும்பின் உயர்குடியினர் மட்டுமே இவ்வாறு நோக்கினர் எனக் கருதிவிடலாகாது. 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளிவந்தது. தோட்டத்தை நேரில் அறிந்தவர் எழுதியது. கோப்பிப் பயிர்ச்செய்கை முறைகளைக் கும்மி மெட்டில் சொல்வது. மலையக இலக்கியத்தின் தொடக்கப் புள்ளியென இதனைக் காட்டுவோர் உண்டு. வடிவம் மக்களுடையது, பார்வை துரையினுடையது என்பதே நடுநிலையான மதிப்பீடு. தொழிலாளரின் நாவில் வழங்கிய கும்மியை எடுத்துத் தொழிலாளரை வேலைவாங்கும் நூலாக்கியது, சபையில் அவர்தம் இனப்பெயரை எடுத்து வேறொருவர் ஆசனத்துக்கு இட்டதோடு ஒப்புநோக்கத்தக்கது. அதே 1869இல் கோப்பியிலை நோய் தோன்றியது. சில ஆண்டுகளுக்கு முன்புதான், 1867இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி பருவத்துக்கு ஆள் கேட்டது. தேயிலை ஆண்டு முழுவதும் ஆள் கேட்டது. வந்துபோனோர் தங்கினர். நூற்றாண்டின் முடிவில் தேயிலை மூன்று லட்சம் ஏக்கரைக் கடந்தது. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் தோட்ட மக்கள் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டிருந்தனர்.

தேயிலை வேரூன்றிய அப்பதின்மூன்று ஆண்டுகளும் தமிழ் உறுப்பினராக வீற்றிருந்தவர் இராமநாதன். அவருடைய நாவன்மையும் சட்டப்புலமையும் பலரறிந்தவை. வெசாக் தினத்தை விடுமுறையாக்க அவர் உழைத்ததைப் பௌத்தர் நன்றியுடன் நினைவுகூர்வர். இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது அவருடைய வேறொரு முயற்சி. 1888இல் றோயல் ஏசியாற்றிக் சங்கத்தின் இலங்கைக் கிளையில் இலங்கைச் சோனகரின் இனவரலாறு பற்றி அவர் ஒரு கட்டுரை வாசித்தார். மொழி, வரலாறு, வழக்கங்கள், உடலமைப்பு ஆகியவற்றைச் சான்றாக்கி, சோனகர் இனத்தால் தமிழரே என்பது அவர் கண்ட முடிவு. சபையில் முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் வேண்டுமா என்ற பேச்சு எழுந்திருந்த வேளை அது. ஆய்வுக்கும் ஆசனத்துக்கும் இருந்த தொடர்பைச் சோனகர் உடனே உணர்ந்தனர், ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் விரிவான மறுப்பை நூலாக வெளியிட்டார். அம்மறுப்பின் வலிமை தனியே பேசப்படவேண்டியது.

மலையிலிருந்து நோக்குவோர் அக்கட்டுரையில் வேறொன்றைக் காண்பர். தமிழர் என்னும் தொகுதியின் எல்லையை விரிக்க முயன்ற முதன்மையான அறிவு முயற்சி அது. தாம் தமிழரல்லர் என்று சொன்னோரைத் தமிழரெனக் காட்ட மொழியும் வழக்கமும் போதிய சான்றாயின. அதே சான்றுகளால் எவ்வித வாதமுமின்றித் தமிழராக நின்ற இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் நானுஓயாப் புகையிரதப் பாதையின் இருமருங்கும் வாழ்ந்திருந்தனர். அவர்களைத் தம் தொகுதியினரென உரிமைகொண்டாட எந்தக் கட்டுரையும் தேவைப்படவில்லை; அவ்வாறு உரிமைகொண்டாடும் ஆர்வமும் தோன்றவில்லை. ஆசனத்தை நிறுவுதற்கு எண்ணிக்கை வேண்டியபோது எல்லை கிழக்கே விரிந்தது, மலைப்பக்கம் விரியவில்லை. 1884இல் ஓரியன்ரல் வங்கி வீழ்ந்து, கோப்பித் தோட்டங்கள் நொடித்து, கூலி நிலுவையால் லயங்கள் தவித்த காலத்தை உடனிருந்து கண்ட தலைமுறையினரின் நிலை இது.

1889ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. தேசாதிபதி ஆதர் கோடனின் ஆட்சியில் சபைக்கு மேலும் இரு உத்தியோகப் பற்றற்ற உறுப்பினர் சேர்க்கப்பட்டனர்; ஒருவர் கண்டிச் சிங்களவர், மற்றவர் முஸ்லிம். கண்டிய ஆசனத்தில் பானபொக்கை அமர்ந்தார். இதனால் மலைநாட்டுக்கு இரு குரல்கள் அமைந்தன: நிலத்தைக் கைக்கொண்டோருக்கு ஒன்று, நிலத்தை இழந்தோருக்கு ஒன்று. நிலத்தில் உழைத்தோருக்கு எதுவுமில்லை. அதே ஆண்டில்தான் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் வந்தது. தோட்டத் தொழிலாளரின் கூலியை மாதக் கணக்கில் செலுத்துவதற்கு வகைசெய்த அச்சட்டம் சில நன்மைகளைக் கொணர்ந்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆயின் அது அவர்களை 'இந்தியக் கூலிகள்' என்ற பெயரால் குறித்தது. இரண்டு சமூகங்களுக்குச் சபையில் ஆசனம் கிடைத்த ஆண்டில் மூன்றாவதொரு சமூகத்துக்குச் சட்டத்தில் ஒரு பெயர் கிடைத்தது. குடிசன மதிப்பீடு 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' எனப் பிரித்தெண்ணத் தொடங்கியது 1911இல். ஆனால் பிரிக்கும் கோடு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சட்டத்தின் மொழியில் விழுந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் அளவுகோலால் பத்தொன்பதாம் நூற்றாண்டை அளப்பது முறையா என்று கேட்கப்படலாம். வாக்குரிமையே இல்லாத காலத்தில் வாக்கற்றோருக்காகப் பேசுமாறு ஒருவரை எதிர்பார்ப்பதேன்? இவ்வினாவை ஒதுக்கிவிட இயலாது. ஆயின் அக்காலத்தவரே இதற்கு விடையாக நிற்கின்றனர். 1880களில் நுவரெலியா மாவட்டத்து வலப்பனையில் நெல்வரி செலுத்த இயலாத சிங்கள விவசாயிகளின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டு, மக்கள் பசியால் மடிந்தனர். அரசாங்க உத்தியோகத்தராகிய லெ மெசூரியர் அதனை அறிக்கையில் எழுதினார். முன்னர் துரைமாருக்காகப் பதவி துறந்த அதே ஜோர்ஜ் வோல், அவ்வரியை ஒழிப்பதற்குப் பேச்சாலும் எழுத்தாலும் போராடினார். 1892இல் அது ஒழிந்தது. வலப்பனையாருக்கும் வாக்கு இருக்கவில்லை; எனினும் அவர்களின் பசி அறிக்கையிலும் சிறு நூல்களிலும் ஏறியது. வலப்பனையின் வயல்களிலிருந்து நோக்கினால் தேயிலை மலைகள் கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன.

பொன்னம்பலம் குடும்பத்துள்ளேயே இன்னொரு விடை உண்டு. இராமநாதனின் இளவல் அருணாசலம் தமிழர் ஆசனத்தில் அமர்ந்தவரல்லர். அரசாங்க சேவையில் வாழ்நாளைக் கழித்தவர். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தி அதன் அறிக்கையை எழுதியவர் அவரே. தோட்ட மக்களை ஒருவர் ஒருவராக எண்ணிப் பார்க்கும் பணி அவருக்கு வாய்த்தது. ஓய்வுபெற்றபின் 1919இல் தொழிலாளர் சேமநலச் சங்கத்தை நிறுவி, வேலை நீங்கிய குற்றத்துக்காகத் தொழிலாளரைச் சிறையிடும் விதிகளுக்கெதிராக வாதாடினார். எண்ணியதனால்தான் அக்கறை பிறந்தது எனக் கூற ஆதாரமில்லை. ஆயினும் தமிழர் ஆசனத்தில் இருந்தோருக்கு வாய்க்காத பார்வை, ஆசனமில்லாத தம்பிக்கு வாய்த்ததை வரலாற்று நூல்கள் போதிய அளவு எடுத்துரைக்கவில்லை.

அந்நூற்றாண்டில் மலைநாட்டுத் தொழிலாளனின் பெயர் ஏறிய தாள்கள் எவை? ஒன்று செக்றோல். மற்றையது துண்டு. ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டத்துக்குச் செல்ல விரும்பும் கங்காணியின் கூட்டத்தார் இவ்வளவு கடன்பட்டுள்ளனர், அத்தொகையைச் செலுத்துவோர் அவர்களைக் கொள்ளலாம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு. நூற்றாண்டின் இறுதிக் கட்டத்தில் அது மலையெங்கும் பரவி, 1921இல்தான் சட்டத்தால் நீக்கப்பட்டது. இலக்கியம் பயில்வோர் துண்டை ஓர் எழுத்துவகையாகக் கொள்ளார். எனினும் இன்னாருக்காக இன்னார் பேசுகிறார் என்பதே பிரதிநிதித்துவம் எனில், அம்மக்களைக் குறித்து மலையில் மிகுதியாக எழுதப்பட்டதும் மிகக் கவனமாகப் படிக்கப்பட்டதும் அந்தச் சீட்டே. தொழிலாளர் தாமே பாடிய பாடல்களில் அடிக்கடி வருவோர் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையுமே. அவர்கள் அறிந்த ஆட்சி அம்மூவரோடு முடிந்தது.

பாக்குநீரிணையின் மறுகரையிலும் அவர்களுக்கு ஆசனம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும். 1892ஆம் ஆண்டின் இந்தியச் சபைகள் சட்டம் சென்னையில் நகரசபைகளுக்கும் மாவட்டக் கழகங்களுக்கும் உறுப்பினரைப் பரிந்துரைக்கும் வாய்ப்பை அளித்தது. திருச்சி, சேலம், மதுரைச் சிற்றூர்களின் நிலமற்ற உழவனுக்கு அதில் இடமில்லை. இரு கரையிலும் அவன் வரிக்குரியவன், எக்கரையிலும் வாக்குக்குரியவனல்லன்.

பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1911இல் படித்த இலங்கையருக்கென ஒதுக்கிய ஆசனத்துக்குத் தேர்தல் நடந்தபோது, இராமநாதனே வென்றார். படிப்பை அளவுகோலாகக் கொண்ட அத்தேர்தலும் மலையைத் தொடவில்லை. 1924இல் இந்தியருக்கு இரு ஆசனங்கள் வந்தன. அவற்றுள் ஒன்றை மறு ஆண்டு இடைத்தேர்தலில் கோ. நடேசய்யர் வென்றார். 1931இல் சர்வசன வாக்குரிமையின் கீழ் முதன்முறையாக அட்டனும் தலவாக்கலையும் தேர்தல் தொகுதிகளாயின. அட்டனிலிருந்து பெரி. சுந்தரமும் தலவாக்கலையிலிருந்து எஸ். பி. வைத்திலிங்கமும் அரசாங்க சபைக்குச் சென்றனர், பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சருமானார். துரைமாரின் பகுதிச் சங்கங்கள் கூடிய அதே பள்ளத்தாக்குகள் இப்போது வேறொருவகைத் தொகுதிகளாயின. சபை அமைக்கப்பட்டு அப்போது தொண்ணூற்றெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் எழுவரை அனுப்பியது, நுவரெலியாவுக்கு சௌ. தொண்டமான், கொட்டகலைக்கு கே. குமாரவேலு, மஸ்கெலியாவுக்கு ஜீ. ஆர். மோத்தா, தலவாக்கலைக்கு சி. வி. வேலுப்பிள்ளை.

இந்நால்வருள் வேலுப்பிள்ளையைத் தமிழ் உறுப்பினர் வரிசையின் எழுத்தாளருடன், குறிப்பாக முத்துக்குமாரசுவாமியுடன், ஒப்பிட்டுப் படிக்கும் முயற்சி இன்னும் செய்யப்படவேண்டியதாகவே உள்ளது. இருவரும் சட்டமன்ற உறுப்பினர். இருவரும் ஆங்கிலத்தில் எழுதினர். இருவரும் தமிழரின் துன்பத்தைப் பிறமொழி வாசகனிடம் கொண்டுசென்றனர். வேலுப்பிள்ளை வட்டகொடை மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்தவர். அவருடைய 'இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலே' என்னும் ஆங்கில நெடும்பாட்டில் துன்புறுபவன் அரசனல்லன். அவன் சோதனைக்குப் பின் மீளவேண்டிய நாடு எதுவும் பழங்கதையில் இல்லை. கொழுந்து, பிரட்டு, லயம், புதைகுழி ஆகியவற்றால் அமைந்தது அவனுடைய உலகம். சக்தீ பால-ஐயா அதனைத் தமிழாக்கினார். மொழியின் செலவு இங்கே தலைகீழாயிருப்பதைக் காணலாம்: அரிச்சந்திரன் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றான், தோட்டத் தொழிலாளி ஆங்கிலத்தினூடாகத் தமிழ் வாசகனிடம் வந்து சேர்ந்தான். தமிழ் வாசகனுக்கு அவனை அறிமுகஞ்செய்ய ஒரு சுற்றுவழி தேவைப்பட்டதெனில், அதன் காரணத்தை 1833 முதல் எழுதப்பட்டுவரும் அப்பெயர் வரிசையிலேயே தேடவேண்டும். அவர் திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்கள் அவர் மறைவுக்குப் பின் 1987இல் நூலாயின.

ஆங்கிலக் கவிதையின் சுவையில் குறை காண்போர் உளர். ஆங்காங்கே தாகூரின் சாயல் மிகுதி என்பது அவர்களின் கருத்து. அதில் ஓரளவு உண்மையுண்டு. ஆயின் அக்கவிஞர் யாருக்குப் பிரதியாக நின்றார் என்பதில் ஐயப்பாட்டுக்கு இடமில்லை. அவரைத் தேர்ந்தோரின் பெயர்கள் இடாப்பில் இருந்தன. அவர்கள் அவரிடம் கணக்குக் கேட்கவும் முடிந்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் அவ்வாய்ப்பை நீக்கின. 1952இல் மீண்டும் தேர்தல் நடந்தபோது தலவாக்கலை என்னும் தொகுதி இருந்தது. ஐந்தாண்டுகளுக்கு முன் அங்கே வாக்களித்த தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் இடாப்பில் இருக்கவில்லை.